பாலத்தில் நிற்கும் அறுவடை இயந்திரத்தை வெளியே விட மறுப்பது தொடர்பாக

அனுப்புநர்
சி. குந்தவை (வயது 43),
கீழத்தெரு, ஆலடிக்குறிச்சி,
ஒரத்தநாடு வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், தஞ்சாவூர்.

பொருள்: நெல்வீரா நிறுவனத்தின் அறுவடை இயந்திரத்தை நான் சிறைபிடித்து வைத்திருப்பதாகக் கூறும் புகாருக்கு என் விளக்கமும், அந்நிறுவனத்தின் மீது என் எதிர்ப்புகாரும்.

பார்வை: மேற்படி நிறுவனம் 10.02.2025 அன்று தங்களிடம் அளித்த புகார்.

மதிப்பிற்குரிய ஐயா,

புகாரின் நகலைக் கிராம நிர்வாக அலுவலர் என்னிடம் கொடுத்தார். அதில் என் பெயரும் முகவரியும் மட்டுமே உண்மை. மீதியைக் கீழே தெரிவித்துக்கொள்கிறேன்.

1. இரண்டரை ஏக்கரில் சம்பா போட்டிருந்தேன். என் வயலுக்குத் தனி வழி கிடையாது. ரோட்டை ஒட்டி, எனக்குப் பெரிய மாமனார் முறையாகும் வீரையன் அவர்களின் வயல். அடுத்து வாய்க்கால், அதன் மேல் என் பட்டாவில் ஒரு குழாய்ப் பாலம், பிறகு என் வயல். முன் வயல் அறுத்த பிறகே பின் வயலுக்கு வண்டி வரும். அறுப்புக்கு ஒரு வாரம் முன்பே நெல்லுக்குள் உளுந்து தெளித்துவிடுவோம். அது இலை விடும்வரைதான் முன் வயலில் வண்டி இறங்கலாம். அதன் பின் உளுந்து பறிக்கும்வரை யாருக்கும் வழி இல்லை. இது எந்தப் பத்திரத்திலும் இல்லை, ஆனால் எங்கள் ஊரில் இதை மீறியவரும் இல்லை.

2. ஒன்பது வருடமாக என் வயலை அறுத்தது மன்னார்குடி ஹாஜா மைதீன் அவர்களின் வண்டி. பழைய வண்டிதான். நின்றுபோனால் ஒரத்தநாடு மெக்கானிக் யூனுஸ் வந்து, கிடைத்த சாமானைப் போட்டு ஓட்டிவிடுவார். இந்த வருடம் நெல்வீரா ஆட்கள் வந்து, செல்போனிலேயே பதிவு செய்யலாம், தரகர் கிடையாது, சொன்ன நேரத்துக்கு வண்டி நிற்கும் என்றார்கள். நம்பி, ஹாஜா மைதீனை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். இதையும் பதிவு செய்துகொள்ளவும்.

3. 22.01.2025 அன்று நிறுவனத்தின் வண்டி வீரையன் வயலை அறுத்து முடித்து, என் வயலுக்குத் திரும்பும்போது பாலத்தின் மேல் நின்றுவிட்டது. ஓட்டுநர் ராம்கி சம்மதித்ததன் பேரில் யூனுஸை அழைத்தேன். எலி கடித்த ஒரு சென்சார் ஒயர். இருபது நிமிடத்தில் சரிசெய்தார். உடனே வண்டியின் திரையில், அங்கீகாரமற்ற பழுதுபார்ப்பு, நிறுவனத்தைத் தொடர்புகொள்ளவும் என்று வந்தது. எஞ்சின் பூட்டிக்கொண்டது. சக்கரத்துக்குப் பதிலாக வண்டி ஓடும் செயினும் பூட்டிக்கொண்டதால் இரண்டு டிராக்டர் கட்டி இழுத்தும் அசையவில்லை. யூனுஸ் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னது இது: “வண்டி நல்லாத்தான் இருக்குக்கா. ஓடுறதுக்கு அவங்க உத்தரவுதான் இல்ல.”

4. நிறுவனத்துக்குப் பதினான்கு முறை போன் செய்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு புகார் எண் கொடுத்தார்கள். 25ஆம் தேதி பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை. மழை விட்டதும் ஹாஜா மைதீன், கூப்பிடாமலே தன் வண்டியைக் கொண்டுவந்து ரோட்டில் நிறுத்தினார். பாலம் அடைபட்டிருந்ததால் உள்ளே வர முடியவில்லை. என்னை ஒரு வார்த்தை குறை சொல்லாமல் திரும்பிப் போனார். திட்டியிருந்தால் தேவலை. முன் வயல் மேடு, தண்ணீர் நிற்கவில்லை; என் வயல் பள்ளம். நானும் பக்கத்து வீட்டு வள்ளியம்மையும் முழங்கால் தண்ணீரில் இறங்கி அரை ஏக்கர் அறுத்தோம். மீதி இரண்டு ஏக்கரும் சாய்ந்து, கதிரிலேயே முளைத்துவிட்டது. முளைத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் வாங்குவதில்லை என்பது தாங்கள் அறிந்ததே.

5. 02.02.2025 அன்று நிறுவனத்தின் பொறியாளர் சதீஷ் லேப்டாப்புடன் வந்தார். ஒயரைத் தொடவில்லை. நான்கு நிமிடம் ஏதோ தட்டினார், வண்டி ஓடியது. கண்டவர்கள் கைவைத்தால் விபத்து நேரும், ஆகவே பூட்டி வைப்பதே விவசாயிக்குப் பாதுகாப்பு என்று விளக்கினார். வெட்டும் கத்திக்கும் பிரேக்குக்கும் அப்படிப் பூட்டு இருக்கட்டும், நான் மறுக்கவில்லை. ஒரு ஒயரை ஒட்டியதற்கு என் வருட உழைப்பைத் தண்ணீரில் முக்கியதில் யாருக்கு என்ன பாதுகாப்பு என்று கேட்டேன். அது கம்பெனி பாலிசி என்றார். அடுத்த பருவத்துக்கு இருபது சதவீதத் தள்ளுபடி என்று என் செல்போனுக்கு ஒரு கூப்பனும் அனுப்பினார். வயிறு பற்றி எரிகிறது ஐயா.

6. பிறகு பட்டுக்கோட்டையில் அடுத்த பதிவு இருப்பதாகச் சொல்லி வண்டியைக் கிளப்பினார். அதற்குள் முன் வயலில் உளுந்து இலை விட்டிருந்தது. வழி அடைபட்டுவிட்டது, பங்குனியில் வாருங்கள் என்று சொல்லிப் பாலத்தின் குறுக்கே உட்கார்ந்துகொண்டேன். இருட்டியதும் அவர் வண்டியைப் பாலத்திலேயே நிறுத்திவிட்டுப் போய்விட்டார். இதற்குப் பெயர் சிறைபிடிப்பாம். சாவி அவர்களிடம்தான் இருக்கிறது. வண்டி ஓடும் நிலையில்தான் இருக்கிறது. வழிதான் இல்லை.

7. அன்றிலிருந்து தினமும் காலையில் பாலத்துக்குப் போய், அந்த வண்டி பனியில் நனைந்து துருவேறுவதைப் பார்த்துவிட்டு வருகிறேன். பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்குகிறது. படித்தவள் இப்படி எழுதலாமா என்று தாங்கள் நினைக்கக்கூடும். எழுதத்தான் செய்வேன்.

ஆகவே, எனக்கு நஷ்டஈடும் வேண்டாம், தள்ளுபடியும் வேண்டாம். நம் மாவட்டத்தில் அறுக்க வரும் எந்த வண்டியானாலும், அதன் பூட்டைத் திறக்கும் மென்பொருளை உள்ளூர் மெக்கானிக்குகளிடம் கொடுத்த பிறகே வயலில் இறங்க வேண்டும் என்று தாங்கள் உத்தரவிட வேண்டும். முதல் பிரதியை நெல்வீரா நிறுவனம் யூனுஸ் கையில் கொடுக்க வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வீரையன் அவர்கள் நேற்று என்னைக் கூப்பிட்டு, “உளுந்து போனா போவுதும்மா, கேஸுன்னு அலையாத, வண்டிய விட்டுடுவோம்” என்றார். முன் வயல்காரர் வழி விடத் தயார். வேண்டாம் என்று தடுத்தவள் நான் ஒருத்திதான். வழக்குப் போடுவதானால் என் மீது மட்டும் போடட்டும், அந்தக் கிழவரை இழுக்க வேண்டாம். நான் கேட்டது கிடைக்கும்வரை, போலீஸ் வந்தாலும் அந்த வண்டி என்னைத் தாண்டி நகராது.

இடம்: ஆலடிக்குறிச்சி
நாள்: 17.02.2025

இங்ஙனம்,
தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,
சி. குந்தவை