மூடாத அடைப்புக்குறி

இனி எனக்குக் கரடிக்குட்டி அல்லாதவனுக்கு,

நிரல்களைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலரை நாமே எழுத வேண்டிய அந்த விருப்பப் பாடத்துக்கு என்னை இழுத்தவன் நீதான். "மத்தவங்க ஈஸியா வெப் டிசைன் எடுக்கட்டும். நாம இதை எடுப்போம்டி" என்றாய். பிறகு நான் எழுதினேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து பாலாடைக்கட்டி வைத்த பூரெக் தின்றாய். கடைசியில், "ஒரு தடவை பார்த்துட்டுத் தந்துடறேன்" என்று என் நிரலைக் கேட்டாய். கொடுத்தேன்.

நீ எங்கேடா பார்த்தாய்? என் பெயரை அழித்து உன் பெயரைப் போட்டாய், அவ்வளவுதான்.

இன்று பேராசிரியர் ராதென்கோவிச் உன் கம்பைலரைச் சோதிக்க, ஒரு சின்ன நிரலைக் கொடுத்து, அதில் வேண்டுமென்றே ஓர் அடைப்புக்குறியை மூடாமல் விட்டார். வகுப்பு முழுக்கப் பார்க்கும் திரையில் பிழைச் செய்தி வந்தது: "கரடிக்குட்டி, மறுபடியும் மூட மறந்துட்டியா? சரி, உன்னையே கட்டிக்கிறேன். முதல்ல இதை மூடு."

எல்லோரும் சிரித்தார்கள். "யாருப்பா அந்தக் கரடிக்குட்டி?" என்றார் அவர்.

"தெரியலை சார். நெட்டுல கிடைச்சுது."

என் பக்கம் திரும்பக்கூட இல்லை நீ.

டான்யூப் ஆற்றங்கரையில் "என்னைக் கட்டிக்கிறியா?" என்று நீ கேட்டதற்கு, "யோசிச்சுச் சொல்றேன்" என்றேனே, அதற்குப் பதிலடா அது! அடைப்புக்குறியை எப்போதும் மறப்பவன் நீ. ஒரே ஒரு முறை ஓட்டிப் பார்த்திருந்தால், உன் கண்ணில் மட்டும் பட்டிருக்கும்.

நாளை என் முறை. அந்த வரியை அழித்துவிட்டேன். இனி யார் மூட மறந்தாலும் "பிழை" என்று மட்டும்தான் வரும்.

இப்படிக்கு,
நெட்டில் கிடைத்தவள்