வலியை நீங்கள் தாங்கவில்லை, சின்னண்ணே

என் பிரியமுள்ள சின்னண்ணே,

நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கடைசி மாதங்களில் வந்தவர் போனவர் எல்லாரும் உங்களிடம் அதைத்தான் கேட்டார்கள். நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். கோபமாக இருக்கிறேன். யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்கள் ஓராண்டு நினைவு நாள் வரப்போகிறது. பத்திரிகையில் போட வேண்டிய வாசகத்தைப் பெரியண்ணன் எழுதி, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அனுப்பியிருக்கிறார். நீலச் சட்டை போட்டு நீங்கள் நிற்கும் படம். அதன் கீழே, "கொடிய வலியையும் புன்னகையோடு தாங்கி, எவருக்கும் பாரமில்லாமல் இறைவனடி சேர்ந்த இரும்பு மனிதர்." குழுவில் ஒருவர் விடாமல் கைகூப்பும் படம் போட்டுவிட்டார்கள்.

புன்னகையா? எந்தப் புன்னகை, அண்ணே? பல்லை இறுகக் கடித்து உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றதே, அதைத்தான் சொல்கிறாரா?

"இது பொய்" என்று மட்டும் எழுதினேன். உடனே பெரியண்ணனிடமிருந்து அழைப்பு வந்தது.

"என்ன பொய்யி? என் தம்பிய பெருமையா நாலு வார்த்த சொல்லக் கூடாதா?"

"வலிக்கு மருந்து குடுத்தோம் பெரியண்ணே. அந்த மருந்துலதான் அவரு நிம்மதியா இருந்தாரு. அதைச் சொல்லுங்க."

"எங்க வச்ச மருந்துன்னு அதையும் பேப்பர்ல போடவா? செத்தவன அசிங்கப்படுத்தாதே, சொல்லிட்டேன்."

வைத்துவிட்டார். அந்த 'அசிங்கம்' என்ற சொல்லோடுதான் நான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை, விளம்பரம் வரப்போகும் அதே பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். ஆகவே உங்களைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: நீங்கள் குணா. பாசிர் கூடாங் துறைமுகத்துக்கும் வடக்கே உள்ள கிடங்குகளுக்கும் இடையில் வாழ்நாளெல்லாம் லோரி ஓட்டியவர். மாசாயில் அடுக்குமாடி வீடு. உணவுக்குழாயில் புற்றுநோய். வீட்டில் நீங்களும் சாந்தி அண்ணியும் மட்டும். நான் சிகாமட்டில் பள்ளி ஆசிரியை. விடுமுறை விட்டால் உங்கள் வீட்டில்தான் இருப்பேன்.

ஆரம்பத்தில் மாத்திரை இறங்கியது. மெதுவாகக் கரையும் மார்ஃபின் மாத்திரை. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அது வயிற்றுக்குள் இருந்துகொண்டு கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை விடும், அதனால்தான் நீங்கள் இடையில் வலியில்லாமல் உட்கார்ந்து பந்தாட்டம் பார்க்க முடிந்தது. பிறகு தொண்டைக்குக் கீழே வழி அடைபட்டது. மாத்திரை இறங்கவில்லை. சிரப் கொடுத்தால் பாதி துண்டில் வழிந்தது. தோலில் ஒட்டும் மருந்து உங்கள் வலிக்குப் போதவில்லை. ஊசி வழியாக நாள் முழுதும் ஏற்றலாம், ஆனால் வார்டில் படுக்க வேண்டும் என்றார்கள். சாந்தி அண்ணியை விட்டு நகர மாட்டேன் என்றீர்கள்.

வீட்டுக்கு வந்து பார்க்கும் தாதி, நாம் மிஸ்ஸி என்று கூப்பிடுவோமே, அவர்தான் டாக்டரிடம் பேசிவிட்டு வந்து சொன்னார். அதே மாத்திரையை உடைக்காமல் முழுசாக ஆசனவாய் வழியாக உள்ளே வைக்கலாம். அங்கிருந்தும் மருந்து மெதுவாக இரத்தத்தில் சேரும். சாதாரணமாகச் சொன்னார், கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவதைப் பற்றிச் சொல்வதுபோல.

அவர் படியிறங்கியதுதான் தாமதம், பெரியண்ணன் எழுந்தார்.

"ச்சீ! என் தம்பிக்கு அந்த மாதிரியெல்லாம் செய்ய வேணாம். அவன் ஆம்பள."

"அவருக்கு வலிக்குதுங்க" என்றார் அண்ணி.

"வலிக்கும்தான். அதுக்காக? மார்ஃபின்னா என்னன்னு நெனச்சீங்க? டாடா லா அது. வாயில குடுக்கறதே பயமா இருக்கு, இதுல அங்க வேற. நாளைக்கு வெளிய தெரிஞ்சா நாலு பேரு என்ன பேசுவான்?"

டாடா. குழந்தைகள் கையசைத்துச் சொல்வதுபோல ஒலிக்கிறது, ஆனால் மலாய் மொழியில் அது போதைப்பொருள். பாலத்தடியில் ஊசியோடு விழுந்து கிடப்பவன் போட்டுக்கொள்வதற்கும் டாக்டர் அளந்து எழுதிக் கொடுப்பதற்கும் நம் வீடுகளில் அந்த ஒரே சொல்தான். பள்ளிச் சுவரெல்லாம் அந்தச் சொல்லுக்கு எதிராகப் படம் வரைய வைக்கிறோம். அது எதற்கு எதிரானது, எதற்கு எதிரானது இல்லை என்று ஒரு பிள்ளைக்காவது சொல்லிக் கொடுத்திருக்கிறோமா?

என்னைக் கொதிக்க வைப்பது அதுகூட இல்லை. உங்களை யாரும் கேட்கவில்லை. அதே அறையில், கைக்கெட்டும் தூரத்தில்தான் படுத்திருந்தீர்கள். உங்கள் மானத்தைப் பற்றி உங்கள் தலைக்கு மேலேயே பேசி முடிவெடுத்தார்கள். வலி உங்களுடையது, மானம் மட்டும் எப்படிக் குடும்பச் சொத்தானது?

அடுத்த நாள் நடந்தது உங்களுக்கு முழுதாகத் தெரியாது. அரை நினைவில் இருந்தீர்கள். நான் பின்னால் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். சமையலறையில் இடிக்கிற சத்தம் கேட்டது. அண்ணி மிளகு இடிக்கிறார் என்று நினைத்தேன். அண்ணி கடைக்குப் போயிருந்தது எனக்குத் தெரியாது. இடித்தது பெரியண்ணன். உங்கள் மாத்திரையைச் சின்ன உரலில் போட்டுத் தூளாக்கி, தேனில் குழைத்து, கைக்குழந்தைக்கு உரைமருந்து கொடுப்பதுபோல விரலால் உங்கள் நாக்கில் தடவியிருக்கிறார். கொஞ்சம் கொஞ்சமாக அது இறங்கியிருக்கிறது.

"நம்ம மருந்தெல்லாம் தேன்ல கொழைச்சுத்தானே குடுப்போம்" என்றார் என்னிடம், பெருமையாக. "பாரு, எப்படி இறங்குது. இதுக்குப் போயி அந்த அசிங்கம் எதுக்கு?"

அன்புதான், அண்ணே. அதை நான் மறுக்கவில்லை. உங்கள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டுதான் தடவினார். ஆனால் மெதுவாகக் கரைய வேண்டிய மாத்திரையை இடித்தால் அதற்குள் இருக்கும் மருந்தெல்லாம் ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கும், ஆளையே கொன்றுவிடும். மிஸ்ஸியின் எண் குளிர்சாதனப் பெட்டிக் கதவிலேயே ஒட்டியிருந்தது. அவ்வளவு அன்புக்கு ஒரு தொலைபேசி அழைப்புச் செய்யத் தோன்றாதா? தோன்றியிருக்காது. கேட்டால் மிஸ்ஸி மறுபடியும் அந்த வழியைத்தான் சொல்வார் என்று பெரியண்ணனுக்குத் தெரியும்.

உங்கள் மூச்சு இழுத்து இழுத்து வந்தது. இரண்டு மூச்சுக்கு நடுவில் நான் அடுத்ததற்குக் காத்திருந்தேன். ஆம்புலன்சில் ஏற்றினோம். மருத்துவமனையில் மார்ஃபினின் வேலையை முறித்து மயக்கத்தைத் தெளிய வைக்க ஊசி போட்டார்கள். நீங்கள் கண் திறந்தீர்கள், கூடவே வலியும் எழுந்து உட்கார்ந்துகொண்டது. அந்த வார்டு முழுக்கக் கேட்கும்படி கத்தினீர்கள். தலையணையைக் கடித்தீர்கள்.

அந்தக் கதறலுக்கு நடுவில் பெரியண்ணன் என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "பாத்தியா? இந்த மருந்து ஆளக் கொல்லும்னு சொன்னேனா இல்லியா?"

என் வாழ்நாளில் நான் யாரையும் அடித்ததில்லை. அன்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

நல்லவேளை, நீங்களே பேசினீர்கள். மிஸ்ஸி சொன்ன வழியில் மாத்திரை வைக்கலாமா என்று டாக்டர் குனிந்து உங்களிடம்தான் கேட்டார், எங்களிடம் இல்லை. குரல் போய்க் காற்றாக வந்தது. "வைங்க டாக்டர்" என்றீர்கள். பெரியண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "அண்ணே, ஒங்க மானத்த நீங்க பாத்துக்கங்க. எனக்கு வலிக்குது" என்றீர்கள் அவரிடம்.

வீட்டுக்கு வந்த பிறகு மிஸ்ஸி முதல் முறை அண்ணிக்குக் காட்டிக் கொடுத்தார். கதவு சாத்தியிருந்தது. நான் வெளியே நின்றேன். அவ்வளவுதான், ஒரு கையுறை, கொஞ்சம் வழுக்கும் களிம்பு, ஒரு மாத்திரை. அன்று மத்தியானத்துக்கு மேல் தூங்கினீர்கள். நான் பயந்துபோய் மூச்சைப் பார்த்தேன். ஒழுங்காக ஏறி இறங்கியது. விழித்ததும் டிவி சத்தத்தைக் கூட்டச் சொன்னீர்கள். அந்த ஒரு வேண்டுகோளுக்காக நாங்கள் எத்தனை நாள் காத்திருந்தோம், தெரியுமா? அதன் பிறகு போகும்வரை உங்களுக்கு வலியே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் மறுபடி நீங்களாக இருந்தீர்கள். கிண்டல் செய்தீர்கள். அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு பேசினீர்கள்.

உறவினர்களிடம் பெரியண்ணன் "ஊசி போட்டோம்" என்றார். பதினாறாம் நாள் காரியத்தில் அந்த ஊசியும் காணாமல் போய், "மருந்தே வேணாம்னுட்டான்" என்று ஆனது. இப்போது இரும்பு மனிதர். சாவு வீட்டில் சண்டை எதற்கு என்று அண்ணி பேசாமல் இருந்தார்.

அந்தக் கதை சும்மா கிடக்கிற கதையாக இருந்தால் நானும் விட்டிருப்பேன். அது இப்போது இன்னொரு மனிதரை வதைக்கிறது. உங்கள் கூட்டாளி மாரிக்கு வயிற்றில் புற்றுநோய், அண்ணே. எது கொடுத்தாலும் வாந்தி. டாக்டர் அவருக்கும் அதே வழியைத்தான் சொல்லியிருக்கிறார். மாட்டேன் என்கிறாராம். அவர் மனைவி லெட்சுமி, அண்ணி வேலை செய்யும் தொழிற்சாலை கேன்டீனுக்கே தேடி வந்து அழுதிருக்கிறார். "குணாண்ணன் மருந்தில்லாமலே தாங்குனாராமே, அந்தப் பேச்சையே புடிச்சிக்கிட்டு சாகுறாரு அண்ணி. அவரு எப்படித்தான் தாங்குனாரு?"

உங்கள் பெயரைச் சொல்லி ஒருவர் வலியில் துடிக்கிறார். இதைக் கேட்டால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? என் மானத்தைக் காப்பாற்று என்றா சொல்லியிருப்பீர்கள்?

நேற்று அண்ணியும் நானும் மாரி வீட்டுக்குப் போனோம். மாரி கட்டிலில் சுருண்டு படுத்திருந்தார். அந்தத் தடித்த ஆளைப் பாதியாகப் பார்க்க முடியவில்லை.

"வாங்க டீச்சர்" என்றார். "குணா மாதிரி நமக்கு முடியல. அவன் இரும்பு லா."

"தாங்கல, தம்பி" என்றார் அண்ணி, உட்காருவதற்கு முன்பே.

"சும்மா சொல்லாதீங்கண்ணி."

"கத்துனாரு. தலகாணிய கடிச்சுக்கிட்டு கத்துனாரு. என்னையக் கொன்னுடுடின்னு அழுதாரு. இந்தா, தேவி நிக்கிறா, கேளுங்க."

மாரி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

"அப்புறம்?"

"அப்புறம் மாத்திரைய பின்னால வச்சேன். நாந்தான் வச்சேன், இந்தக் கையால. அப்புறந்தான் தூங்குனாரு."

"அவன் ஒத்துக்கிட்டானா?" என்றார் மாரி மெல்ல.

அண்ணி என்ன சொன்னார் தெரியுமா? சாத்திய கதவுக்குப் பின்னால் நடந்தது, எனக்கே இதுவரை சொல்லாதது. "மொத நாளு எனக்கு ஒரே பயம். மிஸ்ஸி பக்கத்துல நிக்கிறாங்க. இவரு திரும்பிப் பாத்து சொல்றாரு: 'ஏன்டி பயப்படுறே? லோரியில சரக்க பின்கதவு வழியாத்தானே ஏத்துறோம்? எந்த மொதலாளியாவது முன்கண்ணாடிய ஒடச்சு ஏத்துனானா?'"

மாரியின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று லெட்சுமி ஓடி வந்தார். அழவில்லை.

"அலமாக்... சிரிக்க வைக்காதீங்கண்ணி, வலிக்குது" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார். மூச்சு வாங்கியது. பிறகு மனைவியிடம், "மிஸ்ஸிக்குப் போன் போடு. வந்தா இவங்க எல்லாரையும் வெளிய நிக்கச் சொல்லு. கதவ சாத்திக்க."

மிஸ்ஸி வந்து கதவைச் சாத்தியதும் நாங்கள் நடைபாதையில் நின்றோம். அண்ணி என் கையை விடவே இல்லை. நீங்கள் போன நாளில்கூட அழாதவர், அங்கே மோட்டார் சைக்கிள்கள் வந்து போகிற சத்தத்தில் அழுதார்.

அண்ணே, உங்களிடம் அனுமதி கேட்கத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். அந்த நகைச்சுவையை எழுதி முடித்த பிறகு கேட்கத் தோன்றவில்லை. எந்த வீட்டில் ஒருவர் வலியில் கிடந்து, மற்றவர்கள் வாசலில் நின்று மானம் பேசுகிறார்களோ, அந்த வீட்டுக்கு நான் போவேன். உங்கள் பெயரைச் சொல்வேன். நீங்கள் கத்தியதையும் சொல்வேன், தூங்கியதையும் சொல்வேன், எந்த வழியாக மருந்து போனது என்பதையும் குரலைத் தாழ்த்தாமல் சொல்வேன். பெரியண்ணன் என்னோடு பேசாமல் போனாலும் சரி.

குரலைத் தாழ்த்தத் தெரியாத,
உங்கள் கடைசித் தங்கை
தேவி