பிஷப்ஸ் கார்டனில் ஐந்நூறு ரூபாய்

பெப்ரவரி 9, திங்கள்

காலையில் பனி. கடற்கரைத் தெருவில் எதிரே வந்த சைக்கிள்காரன் மணி அடித்த பிறகுதான் ஆள் என்று தெரிந்தது. ரீற்றா பனி என்கிறாள். எனக்கு இப்போது எல்லா நாளும் பனிதான்.

ஆஸ்பத்திரி. வாங்கில் உட்கார்ந்தபடி மூன்று மணித்தியாலம். டாக்குத்தர் சின்னப் பிள்ளை, எங்கள் மகள் வயதுகூட இராது. "கண்ணிலை வெள்ளை நல்லா முத்திட்டுது ஐயா. வாற செவ்வாய் ஒப்பரேசன் செய்யலாம். அநேகமா எல்லாருக்கும் நல்லாத்தான் வாறது. யோசிச்சுத் திங்கள் காலமை சொல்லுங்கோ."

அநேகமா. வீடு வரும்வரை அந்தச் சொல்தான் காதில். இடது கண் பத்து வயதில் கிட்டிப்புள் பட்டுப் போய்விட்டது. வலது ஒன்றுதான் என் முழு முதல்.

வாங்க: சீனி, சவர்க்காரம், தடித்த பேனை. (மெல்லிய எழுத்தை நானே வாசிக்க முடியவில்லை.)

பெப்ரவரி 10, செவ்வாய்

குருநகரிலிருந்து பசில் வந்தான். மோட்டார் சைக்கிள், எழுபது வயதிலும் அதே ஓட்டம். ரீற்றாவிடம் பிளேன்ரீ கேட்டு வாங்கிப் பாதியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டான்.

கொழும்புக் கதை. எங்களுக்கு வேறென்ன கதை? வெள்ளவத்தையில் ஒரே அறை, ஒரே கந்தோரில் வேலை, சனிக்கிழமை பந்தயம் கட்ட ஒரே புக்கிக் கடை. இங்கிலாந்தில் குதிரை ஓடும், ஒலிபெருக்கியில் ஒருவன் மூச்சு விடாமல் கத்துவான், நாங்கள் வெற்றிலைத் துப்பலுக்கு நடுவில் நின்று கேட்போம். நான் எப்போதும் ஃபேவரிட் மீதுதான். பசில் வாழ்நாளில் ஒரு ஃபேவரிட்டைத் தொட்டதில்லை. "ஊரெல்லாம் கை காட்டுற குதிரைக்கு நீயேன்ரா காசு கட்டுறாய்?" என்பான். வென்றால் பந்தயத் துண்டைக் கவுண்டரில் வாங்கிக்கொண்டுதான் காசு தருவார்கள். தோற்ற துண்டு நமக்கு. பசிலின் சட்டைப்பை எந்நேரமும் புடைத்தபடி. அவற்றின் பின்பக்கத்தில்தான் எங்கள் சாமான் பட்டியல் எழுதுவான்.

அந்த மார்கழி நத்தார்ப் பண்டிகை. ஐந்து வைத்தால் ஒன்றுதான் லாபம், அவ்வளவு நிச்சயமான குதிரை. முழுச் சம்பளத்தையும் வைத்தேன். வரும் லாபத்தில் ரீற்றாவுக்கு ஒரு கைமணிக்கூடு, அதுதான் திட்டம். கலியாணம் பேசி முடித்திருந்த நேரம். குதிரை தொடக்கத்திலேயே இடறியது. மணிக்கூட்டுக் கடை பூட்டு என்று அவளுக்குக் கடிதம் எழுதினேன். ஒரு மாதம் பசிலின் காசில் பாணும் சம்பலும். ஒரு நாள்கூடச் சொல்லிக்காட்டவில்லை. அந்த அறை, அந்த இரண்டு மெலிந்த பொடியன்கள்.

பிறகு கண் விசயம். "இதுவும் அஞ்சுக்கு ஒண்டுதான் மச்சான். வெண்டால் கொஞ்சம் கூடத் தெரியும். தோத்தால் முழு இருட்டு" என்றேன்.

"குதிரையெண்டால் கட்டாமல் வீட்டை போகலாம். உன்ரை கண் உப்பிடியே நிக்குமோ?"

சட்டையில் தேத்தண்ணி ஊற்றியதற்கு அவனை ஏசினேன்.

பெப்ரவரி 13, வெள்ளி

வெயில். கரைக்குப் போய் விளைமீன் வாங்கிவந்தேன். ஒரு கிலோ, நல்ல விலை படிந்தது என்று எனக்குப் பெருமை.

மத்தியானம் ரீற்றா முட்டைப் பொரியல் வைத்தாள். மீன் எங்கே என்றேன். "இரவுக்கு வைப்பம்" என்றாள். பின்பக்கம் போனால் அடுத்த வீட்டுப் பூனையின் காலடியில் ஒரு குவியல். கிட்டப் போய் மணந்து பார்த்தேன். அழுகல். செவுள் வெளிறியதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. கொழும்புத்துறையில் பிறந்து வளர்ந்தவன், எனக்கு அழுகல் மீனை விற்றிருக்கிறார்கள்.

அவள் ஏசியிருந்தால் பரவாயில்லை. மறைத்தாளே, அதுதான் சுடுகிறது. இதற்கு முதல் எத்தனை தரம் மறைத்தாளோ.

பெப்ரவரி 14, சனி

தவக்காலத்துக்கு முதல் கடைசிச் சனி. கொழும்பில் தவக்காலம் முழுக்கக் குதிரையைத் தொடமாட்டோம், அதனால் இந்தச் சனியில் கடை எங்களால் நிரம்பும். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு இன்றைக்குப் பசிலின் பின்னால் ஏறி, பட்டணத்துப் புக்கிக் கடைக்கு. மாடிப்படி பதினேழு. கையைப் பிடித்து ஏற்றினான்.

ரேஸ் பேப்பரை அவன்தான் வாசித்தான். ஒரு ஃபேவரிட், ஐந்துக்கு ஒன்று, பெயர் பிஷப்ஸ் கார்டன். "ஆண்டகையின்ரை தோட்டம்!" என்று சிரித்தான். துண்டை நானே எழுதினேன், ஐந்நூறு ரூபாய். முத்திரை குத்தித் தந்தார்கள்.

"இது வெண்டால் திங்கக்கிழமை ஓமெண்டு சொல்லுறன்."

"தோத்தால்?"

"ஒருத்தரும் என்ரை கண்ணைத் தொடக்கூடாது."

"விசரே உனக்கு? கண்ணைக் கொண்டுபோய்க் குதிரையிலை கட்டுறாய்." பிறகு துண்டைத் தன் பையில் வைத்தான். ஓட்டம் எங்கள் நேரம் இரவு எட்டுக்கு. பொழுதுபட்டால் எனக்குத் தெரு தெரியாது. என்னை ஓட்டோவில் ஏற்றிவிட்டு அவன் நின்றான்.

எட்டரைக்குப் போன். பின்னால் சத்தமே இல்லை, கடைக்கு வெளியே வந்திருப்பான். "வெண்டிட்டுது மச்சான். சும்மா நடந்து வந்தே வெண்டது."

ரீற்றாவிடம் ஒப்பரேசன் என்றேன். அடுப்பைப் பார்க்கவென்று குசினிக்குள் போனவள் வரக் கனநேரம்.

பெப்ரவரி 15, ஞாயிறு

பூசை முடிந்து கோயில் வாசலில் பசில் காசைக் கையில் திணித்தான். அறுநூறு, மடித்தபடியே. எண்ணவில்லை, செபப்புத்தகத்துக்குள் வைத்தேன். ராசிக் காசு, செலவழிக்கக் கூடாது. அவன் வழக்கமாக நின்று கதைக்கிறவன், உடனே போய்விட்டான்.

பெப்ரவரி 16, திங்கள்

டாக்குத்தரிடம் ஓம் சொன்னேன். கையெழுத்து எந்தக் கோட்டில் என்று ரீற்றா விரலை வைத்துக் காட்டினாள்.

பெப்ரவரி 17, செவ்வாய்

விடிய ஐந்தரை. ஏழுக்குப் புறப்பாடு. பயம். பயம்தான், வேறு பெயர் தேடவேண்டாம். இந்தப் பக்கம் கடைசியாக நான் பார்க்கிற பக்கமோ? பசில் வாசலில் ஹோர்ன்

பெப்ரவரி 18, விபூதிப் புதன்

கட்டு அவிழ்த்தார்கள். ரீற்றா கோயிலிலிருந்து நேரே வந்து எதிரே நின்றாள். நெற்றியில் சாம்பல் சிலுவை, ஒரு முனை கொஞ்சம் கலைந்து. எவ்வளவு வயது போய்விட்டது இவளுக்கு என்று நினைத்தேன். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

கூட நேரம் எழுதக் கூடாதாம்.

பெப்ரவரி 19, வியாழன்

மெல்லிய பேனை! பழைய பக்கங்கள் கோழி கிளறியதுபோல.

கண்டதையெல்லாம் வாசிக்கிறேன். பிஸ்கற் பெட்டி, மருந்துக் குப்பி. பிறகு செபப்புத்தகம். உள்ளே ராசிக் காசு: ஒரு ஐந்நூறு, ஒரு நூறு. நடுவில் நாலாக மடித்த கடதாசி. கடை முத்திரை. என் கோணல் எழுத்தில் பிஷப்ஸ் கார்டன், ஐந்நூறு, வின்.

துண்டு.

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வென்ற துண்டு கவுண்டரில் அல்லவா இருக்கவேண்டும்? தோற்ற துண்டுதானே நமக்கு. அவசரத்தில் காசோடு சேர்த்து மடித்திருக்கிறான், மடையன்.

"ஏனப்பா கண்ணிலை தண்ணி? கவனமா இருக்கச் சொன்னவையெல்லோ" என்றாள் ரீற்றா.

"வெளிச்சம்" என்றேன்.

வாழ்நாளில் ஃபேவரிட்டைத் தொடாதவன். இந்த ஒருமுறை கட்டியிருக்கிறான், கைக்காசில், என்மேல்.

கேட்கப்போவதில்லை. வாசலில் மோட்டார் சைக்கிள். அவன்தான். துண்டைத் திரும்பச் செபப்புத்தகத்துக்குள்