பாறைக்குள் தட்டும் சத்தம்

நாள் 61. காலை 7.10, இந்திய நேரம்.
நிலாவின் மறுபக்கம். எழுதுவது ஞானசெல்வி, செவிப்புலன் உளவியல் ஆய்வாளர். உடனிருப்பது ஒரே ஆள், பொறியாளர் ஜெபசிங். வழக்கமான காதுச் சோதனை முடிந்தது. சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். நான் ஒன்றுமே ஒலிக்காதபோதும் பயல் நாலைந்து முறை அழுத்தினான். காத்திருக்கும் காதுக்கு இல்லாத சத்தத்தையும் மூளை தயார் செய்து கொடுக்கும். சொன்னால் சண்டைக்கு வருகிறான்.

நாள் 61. காலை 10.15.
பத்து மணிக்கு, முதல் வண்டியில் வெளியே போயிருந்த ஜெபசிங் வானொலியில்: "அக்கா, இங்க ஒரு குகை தெரியுது. எட்டிப் பாத்துட்டு வாறேன். சாயா போட்டு வைங்க." உடனே நிலம் குலுங்கியது. வெளிக் கேமராவில் பார்க்கிறேன், குகை வாய் பாறைச் சரிவில் மூடிக் கிடக்கிறது. கூப்பிட்டால் பதில் இல்லை. அவனிடம் நாற்பது மணி நேர ஆக்சிஜன் இருக்கிறது.

நாள் 61. மாலை 4.40.
பாறையில் பதித்த அதிர்வுக் கருவியின் ஒலியைக் காதில் மாட்டிக் கேட்டேன். இரைச்சலுக்கு அடியில் மெல்லிய தட்டல். மூன்று தட்டு, இடைவெளி, மறுபடி மூன்று. பாறையை அகற்ற இரண்டாவது வண்டி இருக்கிறது. ஆனால் அதன் மின்கலத்தில்தான் இந்த நிலையமும் ஓடுகிறது. அது தீர்ந்தால் மீட்புக் கலம் வரும்வரை நான் உயிரோடு இருக்க மாட்டேன். பூமியிலிருந்து செய்தி: "மேடம், காதுல விழுறத மட்டும் நம்பி வண்டிய எடுத்துடாதீங்க. உறுதி பண்ணிக்கிட்டு எடுங்க." என் பாடத்தை எனக்கே நடத்துகிறார்கள். எரிச்சலாக இருக்கிறது. சொல்வது சரிதான்.

நாள் 61. மாலை 6.30.
எனக்கு நானே சோதனை வைத்தேன். ஒன்று, பாறையின் நேரடி ஒலி. மற்றொன்று, அதே கருவியில் விபத்துக்கு முந்தைய பதிவு. அதில் இன்று காலை 6.30 என்று நேரம் விழுந்திருந்தது. கணினி இரண்டையும் கலைத்துப் போட்டது. எது எதுவென்று தெரியாமல், தட்டல் கேட்டபோதெல்லாம் அழுத்தினேன். முடிவு: இரண்டிலும் ஒரே அளவுக்கு அழுத்தியிருக்கிறேன். காலை ஆறரைக்கு ஜெபசிங் என் எதிரே உட்கார்ந்து உப்புமா தின்றுகொண்டிருந்தான். ஆகவே எல்லாம் என் மூளையின் வேலை. வண்டியை எடுக்கவில்லை. பூமிக்குச் சொல்லிவிட்டு அழுதேன்.

நாள் 62. பகல் 1.00.
காதில் எதையும் மாட்டவில்லை. மாட்டினால் கேட்கும் என்று தெரியும்.

நாள் 63. காலை 9.05.
விபத்து அறிக்கைக்காக அதிர்வுப் பதிவில் சரிவைத் தேடினேன். பத்து மணியில் ஒன்றுமே இல்லை. சரிவு அதிகாலை நாலரையில் பதிவாகியிருக்கிறது.

ஊரில் தன் அம்மா எப்போது சாப்பிடுவாள், எப்போது தூங்குவாள் என்று தெரிய வேண்டுமாம்; அதற்காக ஜெபசிங் இங்குள்ள கடிகாரங்களை எல்லாம் இந்திய நேரத்துக்கு மாற்றி வைத்திருந்தான். அதிர்வுக் கருவியை மட்டும் அவன் தொடவில்லை. அது உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. ஐந்தரை மணி நேரம் பின்னால்.

அதில் ஆறரை என்றால் இங்கே நண்பகல் பன்னிரண்டு. சரிவுக்குப் பிறகு இரண்டு மணி நேரம். இரண்டு ஒலியிலும் அவன் தட்டியிருக்கிறான். இரண்டையும் நான் சரியாகக் கேட்டிருக்கிறேன்.

நாள் 63. காலை 9.30.
அவனுடைய ஆக்சிஜன் அதிகாலை இரண்டுக்கே தீர்ந்திருக்கும். இப்போது காதில் மாட்டியிருக்கிறேன். தட்டல் கேட்கிறது. மூன்று, இடைவெளி, மூன்று.

இந்த முறை சோதனை வைக்கவில்லை. வண்டியை நிலையத்திலிருந்து கழற்றிவிட்டேன், திரை மங்குகிறது. எடுத்துக்கொண்டு போகிறே