இடப்பக்கம் ஒட்டி நின்ற எண்

4 மார்ச் 2019, திங்கள். கிரெசிக், சுரபாயா துறைமுகத்துக்கு அடுத்த ஊர்.

இன்று எனக்கு எழுபத்து மூன்று வயது, நான்கு மாதம், பதினொரு நாள். முழங்கால்கள் அதை மறுக்கவில்லை. ஆயினும் எட்டு மணிக்குத் தொழிற்சாலையில் இருந்தேன். பாண்டுங்கில் இயந்திரப் பொறியியல் படித்தவள் பூந்தொட்டிக்கு நீர் ஊற்ற இன்னும் காலம் இருக்கிறது.

இங்கே செய்வது ஷாக்கிள்: கிரேன் கயிற்றையும் பளுவையும் பிணைக்கும் இரும்பு வளையம், அதன் குறுக்கே ஒரு தடித்த பின். முன்பு ஒவ்வோர் அளவுக்கும் தனி வரைபடம். இப்போது வரைபடம் போடும் இளம்பெண் வெனிங் ஒரே ஒரு பின்னைக் கணினியில் வரைந்து, அதனுடன் ஓர் அட்டவணையை இணைத்துவிட்டாள். வரிசைக்கு ஓர் அளவு. நீளம், தடிப்பு, தலையும் உடம்பும் சேருமிடத்து மூலை வளைவு என்று கட்டங்களை நிரப்பினால் எல்லா அளவுகளும் தாமே உருவெடுக்கின்றன. கடைசல் இயந்திரமும் அதையே படிக்கிறது. தரச் சோதனைக்காக அதை அச்சிட்டுப் பார்ப்பவள் நான் ஒருத்திதான்.

7 மார்ச்

மதுரா தீவின் கப்பல் தளத்திலிருந்து பெரிய ஆர்டர். வெனிங் அட்டவணையில் புது வரிசை சேர்த்தாள். முதலாளி ஹார்ஜித்தோ கொண்டாட்டத்துக்குத் தும்பெங் வெட்டி, அந்த மஞ்சள் சோற்றுக் கூம்பின் உச்சியை என் தட்டில் வைத்தார்.

"மூத்தவங்களுக்குத்தான் உச்சி, இபு ரெத்னோ. வாய் நிறைய இருந்தா குத்தம் சொல்லமாட்டீங்கல்ல?"

"மூக்கால சொல்லுவேன், பாக்."

அம்மா என்பதற்கு இபு, ஐயா என்பதற்கு பாக்; மரியாதையில் குறை இல்லை. எல்லோரும் சிரித்தார்கள். வெனிங்கின் கணவன் சத்ரியோ அந்தத் தளத்திலேயே பளு கட்டும் வேலையில் இருக்கிறான். "எங்க வீட்டுக்காரர் தலைக்கு மேல இனிமே என் பின்னுதான் தொங்கும்!" என்றாள், பெருமையோடு. நான் தட்டைக் கீழே வைத்தேன்.

25 மார்ச்

கண்புரை அறுவைக்குப் பின் கட்டுடன் வீட்டில். பின்கள் நீரிணையைத் தாண்டிப் போய்விட்டனவாம். என் கண்ணுக்காக எவரும் காத்திருக்கவில்லை.

9 ஏப்ரல்

புதுக் கண்ணோடு திரும்பினேன். முதல் வேலையாக அட்டவணையை அச்சிடச் சொன்னேன்.

எண்களெல்லாம் கட்டங்களின் வலச்சுவரைத் தொட்டு நின்றன. புது வரிசையின் மூலை வளைவு மட்டும் இடப்பக்கம் ஒட்டி நின்றது: 2,5.

எங்கள் நாட்டுப் பள்ளியில் கற்றபடி, இரண்டரை என்பதை வெனிங் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளியிட்டு எழுதியிருக்கிறாள். அவளுக்கு வந்த புதுக் கணினியோ அமெரிக்க வழக்கத்துக்கு அமைக்கப்பட்டது. புள்ளியை மட்டுமே அறியும். அதற்கு அது எண்ணே அல்ல, வெறும் எழுத்து. எண் கிடைக்காத கட்டத்துக்கு மென்பொருள் முதல் வரிசையின் அளவை எடுத்துக்கொண்டது: அரை மில்லிமீட்டர். விரல் தடிமன் பின்னுக்கு உரிய வளைவு, மணிக்கட்டுத் தடிமன் பின்னில். தலையும் உடம்பும் சேரும் அந்தக் கூரிய மூலையில்தான் இரும்பு விரிசல் விடத் தொடங்கும். சத்தமில்லாமல்.

"ஒரு கமாவா?" என்றாள் வெனிங். பிறகு என் கையைப் பற்றிக்கொண்டாள். "வேலை போயிடும், இபு."

"வேலை வேற கிடைக்கும்" என்றேன். அவள் பார்வை மேசைமேல் இருந்த சத்ரியோவின் படத்துக்குப் போனது.

10 ஏப்ரல்

ஹார்ஜித்தோவிடம் சொன்னேன்.

"இழுத்துப் பாத்தோமே, தேறிடுச்சே!"

"புதுசுல எல்லாம் தேறும், பாக். தினம் தூக்கி இறக்கினாத்தான் விரிசல் விடும்."

"கமா தப்புன்னு அங்க போய்ச் சொன்னா சிரிக்கமாட்டாங்க? வரிசையைத் திருத்திடுங்க, அடுத்த லாட்டுக்கு. நீங்க கண்ணுக்கு மருந்து போட்டுட்டுப் படுங்க, இபு."

அடுத்த லாட்டு! ஏற்கெனவே போய்விட்ட இந்த லாட்டின் பின்களுக்குக் கீழே நிற்பவர்கள் என்ன செய்வார்களாம்?

கப்பல் தளத்துக்குத் தொலைபேசினேன். கொள்முதல் அதிகாரி என் வயதைக் கேட்டார்.

16 ஏப்ரல்

இன்று அங்கே கப்பலின் மேல்தளத்தைத் தூக்கினார்களாம். வெனிங் மதியச் சோற்றையும் தெம்பேயையும் தொடவில்லை. அவள் கைபேசி ஒருமுறை அதிர்ந்தது. அறையே எழுந்து நின்றது. தொலைபேசி நிறுவனத்தின் விளம்பரம்.

17 ஏப்ரல்

வாக்களித்தேன். விரலில் மை. கப்பல் தளத்துக்கு விடுமுறை. இன்று ஒருநாள் எவர் தலைக்கு மேலும் எதுவும் தொங்காது.

18 ஏப்ரல்

விடுமுறையில் வெனிங் கணவனிடம் சொல்லிவிட்டாள். சத்ரியோ ஒரு பின்னைக் கழற்றித் துண்டில் சுற்றி, மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிக் கொண்டுவந்தான்.

"இதுக்குப் போயி ராத்திரியெல்லாம் அழுதா, இபு. மாமியார் செத்தப்பகூட இவ அழலை."

விரிசல் காட்டும் சிவப்புச் சாயம் தடவி, துடைத்து, வெண்பொடி தூவினோம். மூலையைச் சுற்றி மயிரிழை போல ஒரு சிவப்பு வளையம் மெல்ல மேலே வந்தது. சத்ரியோ சிரிப்பை நிறுத்தினான். தன் உச்சந்தலையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டான்.

22 ஏப்ரல்

அந்தச் சிவப்பு வளையத்தைப் படமெடுத்து அனுப்பியபின் கப்பல் தளத்தில் எவரும் என் வயதைக் கேட்கவில்லை. பின்கள் அனைத்தும் திரும்பிவிட்டன. பாதிக்கு மேல் சிவப்பு வளையம். வெனிங்கின் வேலை போகவில்லை. ஹார்ஜித்தோ என்னை அழைத்தார். குரல் இறங்கியிருந்தது.

"இத்தனை கட்டம் இருக்க, நேரா அந்த மூலையையே எப்படிப் பாத்தீங்க?"

துணிப்பையிலிருந்து ஒன்றை எடுத்து அவர் மேசைமேல் வைத்தேன். தலையோடு முறிந்த பழைய பின். கூரிய மூலை. தலையில், முன்பு இந்தத் தொழிற்சாலையை நடத்திய அவர் தந்தையின் முத்திரை. அவர் கட்டைவிரலால் துருவைத் தேய்த்து அதைப் படித்தார். நெடுநேரம் படித்தார், இரண்டே எழுத்துகளை.

என் கணவர் சுதர்சோ மாரடைப்பில் இறந்ததாக மகளிடம் சொன்னேன். இந்தத் தொழிற்சாலையில் சொன்னேன். இத்தனை ஆண்டுகளாக இந்த நாட்குறிப்பிலும் அப்படியே எழுதிவந்தேன். அவர் 1987இல் சுரபாயா துறைமுகத்தில், இந்தப் பின்னுக்குக் கீழே நின்றிருந்தார். மறு ஆண்டுதான் நான் இங்கே வேலை கேட்டு வந்தேன்.