தோள் மாற்றிய இடங்கள்

மோர்டன், லண்டன்

அன்புள்ள அம்மா,

ஞாயிறன்று நீங்கள் போனில் "எங்கை பிள்ளை நிக்கிறாய்?" என்று கேட்டபோது, ஸ்கொட்லாந்தில் ஒரு மலைப்பாதையில் நிற்கிறேன் என்று நான் சொல்லவில்லை. உங்கள் முழங்கால் நோவைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது குறைவா?

என்னோடு வேலை செய்யும் தர்மிகாதான் கூட்டிப்போனாள். முன்பு அந்தப் பக்கத்துச் சனம் செத்தவர்களின் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு, மலை தாண்டி இடுகாடுவரை நடந்த பாதையாம். தோள் மாற்றிய இடங்களில் கற்களைக் குவித்திருக்கிறார்கள். சேற்றில் என் ஒரு கால் புதைந்தது, வேறொன்றுமில்லை, பயப்படாதீர்கள்.

அப்பாவை எடுத்த அன்று விசா முடிவுக்காகக் காத்திருந்ததால் எனக்கு வர ஏலவில்லை. வந்திருந்தாலும் பொம்பிளைப்பிள்ளை என்று சுடலைக்கு விட்டிருக்கமாட்டார்கள். அதனால் இந்தப் பாதையையாவது முழுவதும் நடக்க நினைத்தேன்.

"என்னடி, செத்தவீட்டுக்குப் போறமாதிரி வாய் திறக்காமல் வாறாய்?" என்று தர்மிகா பகிடி விட்டாள்.

"ஓம், அப்பான்ரை செத்தவீடுதான்" என்றேன். அவள் என் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

மிளகாய்த்தூள் அனுப்பும்போது அப்பாவின் மப்ளரையும் வையுங்கள். இங்கே குளிர். ஷிப்டுக்கு நேரமாகிறது, பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

அன்று உங்களோடு கதைத்து முடிந்ததும், அந்த இடுகாட்டுக்குள்ளும் போனேன்.

உங்கள் மகள்,
நிரோஜா