விண்ணோடமும் உப்புமூட்டையும்

மே 26, செவ்வாய்

மழை. லிப்ட் இன்றும் செத்துக் கிடக்கிறது. ஒன்ராறியோவில், டோர்செட் பார்க்கின் வானளாவிய கோட்டையில், பதினாலாம் மாடியில், அடியேன் சிறை.

காவலர்: வீட்டுப் போன். ஊரில் சண்டை முடிந்துவிட்டதாம், வன்னிக்குள் அகப்பட்ட பெரியண்ணரிடமிருந்து ஒரு சொல் இல்லை. வவுனியாவில் ஒரு மாஸ்டர், முகாம் முள்ளுக்கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பெயர் கூப்பிட்டு விசாரிக்கிறவர், இந்த நம்பருக்குத்தான் போன் எடுப்பார். டோனட் கடை வேலைக்குப் புறப்படுமுன் என் மனைவி ராணி பிறப்பித்த அரச கட்டளை: "கக்கூசுக்குப் போனாலும் போனைக் கொண்டு போங்கோ." வயர் அவ்வளவு நீளமில்லை, மகாராணி.

தொலைக்காட்சியில் ஒரு சக கைதி கிடைத்தான். விண்ணோடம். விண்வெளிக்குப் போய்த் திரும்பி, ஃபுளோரிடாவில் இறங்க வேண்டியது. அங்கே மழை என்று கலிபோர்னியாவில் இறங்கி, அங்கேயே அகப்பட்டு நிற்கிறது. இனித் தானாக ஓர் அடி பறக்காதாம். ஜம்போ ஜெட்டின் முதுகில் ஏற்றித்தான் நாட்டைக் கடக்க வேண்டும். அதற்கும் மழை கூடாது, தோலிலுள்ள ஓடுகள் பழுதாகிவிடுமாம். சூரியனிடம் சுருட்டுக்கு நெருப்புக் கேட்ட வீரன். தூறலுக்குப் பயம்!

மே 28, வியாழன்

முகில். ஓடம் அதே இடத்தில். பால் முடிந்தது.

நான் குளிக்கையில் மாஸ்டர் எடுத்திருக்கிறார். ராணிதான் பேசினாள். லைன் ஒரே கொரகொர. கேட்டது ஒரு வசனம்: "உப்புமூட்டை வந்திட்டுது." அதோடு அறுந்தது.

ஒட்டுக் கேட்பாங்கள் என்று எல்லாரும் ஒளித்துக் கதைக்கிற காலம். ஆள் உயிரோடென்றால் "பார்சல் கிடைச்சுது" என்று மாஸ்டரோடு பேச்சு. இல்லையென்றால் என்ன சொல்வது என்று பேசி வைக்கவில்லை. யாருக்கு வாய் வரும்?

"மூட்டை எண்டால் என்னப்பா?"

"உப்பு விலை ஏறிட்டுதாக்கும்."

சிரிக்கவில்லை. எதை மூட்டையாகக் கட்டுவார்கள் என்று இருவருக்கும் தெரியும்.

மே 30, சனி

காற்று. மாஸ்டரின் நம்பரை ஆயிரத்தெட்டுத் தரம் அடித்தேன். ஒரு பெண்குரல் சிங்களத்தில் மன்னிப்புக் கேட்கிறது.

கீழ்வீட்டுக் குகன் மூச்சிரைக்கப் படியேறி வந்தான். "அண்ணை, உப்பெண்டால் கடல். உங்கட அண்ணர் கடலால இந்தியாவுக்குப் போயிட்டார்!"

"நீந்தியோடா?"

"உவருக்கு எப்பவும் பகிடி."

ராணி அண்ணரின் படத்தைத் துடைத்தாள். பூ வைக்கவில்லை. நானும் பார்க்காத மாதிரி.

ஜூன் 1, திங்கள்

வெயில். ஓடம் கிளம்பிவிட்டது! பிள்ளையார் மேல் பிள்ளையார் ஏறியது போல, ஆனைக்கு மேல் ஆனை. மகள் அபி பள்ளிக்கூடப் பையைக்கூடக் கழற்றாமல் பார்த்தாள்.

"அப்பா, லுக்! இட்ஸ் லிட்ரலி எ பிக்கிபாக்! அதுக்குத் தமிழில என்ன?"

"உப்பு..."

வாய் அப்படியே நின்றது. ராணி அகப்பையோடு குசினியிலிருந்து வந்தாள்.

மாஸ்டர் ஒளித்துக் கதைக்கவே இல்லை. சொன்னது நேரான சொல். யாரோ அண்ணரை முதுகில் சுமந்து வந்திருக்கிறார்கள். உயிரில்லாத ஆளை உப்புமூட்டை ஏற்ற ஏலாது. சுமக்கிறவரின் கழுத்தைக் கட்டிப்பிடிக்க இரண்டு கை வேண்டும்.

நான் ஆடிய ஆட்டத்தில் ஒன்ராறியோ வாவி இரண்டடி உயர்ந்தது. குகன் கீழிருந்து தடியால் இடித்தான்.

ராணி ஆடவில்லை. "அப்ப, ஏன் நடந்து வரேல்ல?"

ஜூன் 2, செவ்வாய்

வெயில். மாஸ்டர் எடுத்தார். இந்த முறை லைன் பளிங்கு.

"அந்தப் பார்சல் எண்ட சொல்லு எனக்கு மறந்துபோச்சு, தம்பி. ஓம், ஆள் இருக்கிறார். அவரின்ர மனிசிதான் உப்புமூட்டையாக் கொண்டந்தது. ஒரு கால் முழங்காலோட இல்லை."

"எப்ப வெளியில விடுவாங்கள்?"

"விடுறதோ? கம்பிக்குள்ளதான், தம்பி. எல்லாரும்."

அண்ணர் ஆறடி, அவர் இருந்தால் கட்டில் கும்பிடும். அண்ணி என் தோளுக்கும் வரமாட்டா. காற்றடித்தால் சேலைத் தலைப்பில் கல் கட்டிவிட வேண்டும். அதுதான் எங்கள் ஜம்போ ஜெட்.

லிப்ட் வேலை செய்கிறதாம். கீழே போக மனமில்லை.

பின்னேரச் செய்தி: ஓடம் வீடு போய்ச் சேர்ந்தது. ஜம்போவின் முதுகிலிருந்து இறக்கப் பெரிய பாரந்தூக்கி, சுற்றிவர ஆட்கள்.

அண்ணியின் முதுகிலிருந்து அண்ணரை இறக்க யார் நின்றார்கள் என்று மாஸ்டரிடம் கேட்காமல் விட்டுவிட்டேன்.